யாருடைய முறை?

விளையாட்டைப் பற்றிச் சொல்ல வந்தவன் தர்ம நியாயம் பேசத் தொடங்கினால் சிலருக்குச் சிரிப்பு வரும். அதிலும் நான் சொல்லப் போவது வெயிலில் ஓடி வியர்வை சிந்தி ஆடும் ஆட்டம் கூட அன்று. நாற்காலியில் அமர்ந்து, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே, விரல் நுனியால் ஆடும் ஆட்டம். திரைக்குள் ஒரு குகை. குகைக்குள் ஒரு டிராகன். அந்த டிராகனைக் கொல்லும் உரிமை எங்களுக்கா, உங்களுக்கா என்று இரண்டு கூட்டத்தார் மல்லுக்கு நிற்கிறார்கள். குகையும் பொய், டிராகனும் பொய். இதில் நியாயம் என்ன, அநியாயம் என்ன என்று கேட்கத்தான் தோன்றும்.

குகையும் டிராகனும் பொய்தான். ஆனால் மல்லுக்கு நிற்கிறவர்கள் பொய்யல்லர். அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு உண்மையான வாக்கு. அதை மீறினால் உண்டாகும் கசப்பும் உண்மையான கசப்பு. இன்னொன்றும் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டையிடுகிறவனை, "ஏனப்பா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால், "பயிர் காய்ந்தால் பிள்ளைகள் பட்டினி கிடக்குமே" என்று சொல்ல அவனுக்கு ஒரு பதில் உண்டு. டிராகனுக்காகச் சண்டையிடுகிறவனுக்கு அந்தப் பதில் இல்லை. தோற்றால் அவன் வீட்டில் அடுப்பு எரியாமல் போய்விடாது. வயிறு என்ற சாக்கை நீக்கிவிட்ட பிறகு மனிதன் அடுத்தவனோடு எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறான் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது நல்ல இடம்.

இந்த ஆட்டங்களை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம் சொல்லிவிடுகிறேன். 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் 'எவர்க்வெஸ்ட்' என்ற இணைய விளையாட்டு வெளிவந்தது. மாதச் சந்தா கட்டியவர் எவரும் அதில் உள்ள கற்பனை உலகத்தில் ஒரு வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, காயம் ஆற்றும் குருவாகவோ பிறந்து நடமாடலாம். விளையாட்டை நடத்திய கம்பெனி அந்த உலகத்துக்குப் பல பிரதிகள் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு சர்வரில் வைத்திருந்தது. ஒரு சர்வரில் குடியேறியவர்களுக்கு அதுவே ஊர்; அங்கே இருப்பவர்களே ஊரார்.

அந்த ஊரில் சில பெரிய பிராணிகள் உண்டு. தனி ஆளால் அவற்றை அசைக்க முடியாது. நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கூடி, யார் முன்னே நின்று அடி வாங்குவது, யார் பின்னே நின்று காயம் ஆற்றுவது என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு போக வேண்டும். இப்படிப் படையெடுப்பதற்கு ரெய்டு என்று பெயர். எதிரே நிற்கும் பெரிய பிராணியைப் பாஸ் என்பார்கள். படையெடுப்பதற்கென்று நிலையாகச் சேர்ந்திருக்கும் கூட்டம் கில்டு எனப்படும். ஐரோப்பாவில் பழங்காலத்துக் கைவினைஞர்களும் வணிகர்களும் வைத்திருந்த சங்கங்களின் பெயர் அது.

தொடக்க காலத்தில் நாகஃபென் என்ற நெருப்பு டிராகனும், வாக்ஸ் என்ற பனி டிராகனுமே அங்கே பெரிய இலக்குகள். ஒன்றைக் கொன்றால் அது மீண்டும் தோன்ற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனிடம் கிடைக்கும் அரிய பொருள்களோ ஒரு சிலதான். ஊரில் கில்டுகள் பல, டிராகன் ஒன்று. வம்பு இங்கேதான் பிறக்கிறது.

இந்த வம்பைத் தீர்க்க யந்திரத்திடம் ஒரு நியாயம் இருந்தது. எவர்க்வெஸ்டில் இரண்டு கூட்டத்தார் ஒரே பிராணியை அடித்தால், எந்தக் கூட்டம் அதிகமாக அடித்ததோ அந்தக் கூட்டத்துக்கே உடல் சொந்தம். எனவே ஒரு சிறிய கில்டு பாடுபட்டு டிராகனை எதிர்த்து நிற்கும்போது, பெரிய கில்டு ஒன்று நடுவில் நுழைந்து அவர்களைவிட வேகமாக அடித்துவிட்டால் போதும். பொருள் பெரியவர்களுக்குப் போய்விடும். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பதைக் கணக்குப் போட்டு எழுதி வைத்தது போன்ற சட்டம். 2004-இல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டில் யந்திரம் வேறு நியாயம் சொன்னது: முதல் அடி யாருடையதோ பிராணியும் அவருடையதே. ஒன்று வலிமைக்குப் பரிசு. மற்றொன்று முந்துதலுக்குப் பரிசு. இரண்டும் யந்திரத்துக்கு எளியவை. ஏனென்றால் அடியையும் நேரத்தையும் யந்திரத்தால் எண்ண முடியும். நியாயத்தை எண்ண முடியாது.

இது நம் காலத்துப் புதுச் சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். 1805-ஆம் ஆண்டு நியூயார்க் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. போஸ்ட் என்பவர் நாய்களை ஏவி ஒரு நரியைத் துரத்திக்கொண்டு வந்தார். பிடிபடும் சமயத்தில் பியர்சன் என்பவர் குறுக்கே வந்து நரியைக் கொன்று எடுத்துப் போய்விட்டார். நரி யாருக்கு? துரத்துவது மட்டும் உரிமை ஆகாது. கைப்பற்றினவனுக்கு, அல்லது தப்ப முடியாதபடி படுகாயம் செய்தவனுக்கே அது சொந்தம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். லிவிங்ஸ்டன் என்ற நீதிபதி மட்டும் மறுத்தார். கடைசி நொடியில் ஒருவன் வந்து தட்டிக்கொண்டு போகலாம் என்றால் விடியற்காலையில் எழுந்து குதிரையும் நாயுமாக அலைய யார் முன்வருவான் என்பது அவர் கேள்வி. பழைய சட்ட நூல்களைப் புரட்டுவதைவிட, வேட்டைக்காரர்களின் பஞ்சாயத்துக்கே இதை விட்டிருக்கலாம் என்றும் அவர் சொன்னார்.

அவர் சொன்ன பஞ்சாயத்துத்தான் இரண்டு நூற்றாண்டு கழித்து இந்தக் கற்பனை உலகத்தில் கூடியது. கம்பெனி சில நடத்தை விதிகளை எழுதியது. பிறர் போரிட்டுக்கொண்டிருக்கும் பிராணியைத் தட்டிப் பறிக்கக் கூடாது. பிராணிக் கூட்டத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்து பிறர் தலையில் கட்டக் கூடாது. தகராறு வந்தால் சமரசம் செய்துகொள்ள வேண்டும் என்பவை அவற்றில் சில. ஆனால் டிராகன் இன்னும் தோன்றவே இல்லை, இரண்டு கில்டுகள் வாசலில் நிற்கின்றன என்றால் என்ன செய்வது? இதற்கு விளையாடுகிறவர்களே வழி தேட வேண்டியதாயிற்று. பல சர்வர்களில் கில்டுத் தலைவர்கள் கூடிப் பேசி ஒரு நாள்காட்டி வகுத்தார்கள். இந்த வாரம் இந்த டிராகன் உங்களுக்கு. அடுத்த வாரம் எங்களுக்கு. முறை வைத்துக்கொண்டார்கள்.

வேறு சில இடங்களில் பந்தயமே சட்டமாயிற்று. அதன் முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் 'ப்ராஜெக்ட் 1999' என்ற சர்வரைப் பார்க்கலாம். எவர்க்வெஸ்டின் பழைய வடிவத்தை அப்படியே மீட்டு, ஆர்வலர்கள் 2009-இல் இலவசமாகத் தொடங்கியது அது. புதிய நிலங்கள் முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போகும் வழக்கம் அங்கே இல்லை. எனவே அதே டிராகன்கள், அதே பற்றாக்குறை. முதலில் சண்டையைத் தொட்டவர்களுக்கே பாஸ் என்ற விதி அங்கே பெரிதும் ஆண்டது. டிராகன் இன்ன மணிக்குத் தோன்றும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் எல்லாரும் அந்த மணிக்கு வந்து குவிவார்கள். நேரத்தை நிச்சயமற்றதாக ஆக்கினாலோ, காவல் வைக்க வேண்டியதாகிறது. ஒவ்வொரு கில்டும் ஆள் மாற்றி ஆள் காவல் இருக்கிறது. டிராகன் தோன்றியதும் காவல்காரர் குரல் கொடுக்க, நள்ளிரவானாலும் உறுப்பினர்களின் தொலைபேசிகள் அலறுகின்றன. தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் ஓடுகிறார்கள். நொடிக் கணக்கில் வெற்றி தோல்வி. பிறகு யார் முதலில் தொட்டார்கள் என்பதற்குப் படம் பிடித்த சாட்சியங்கள், வாதப் பிரதிவாதங்கள்.

பந்தயத்துக்காகப் பேசுகிறவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. "வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. யாரையும் யாரும் தடுக்கவில்லை. எங்களுக்குத் தூக்கம் கெட்டது, உங்களுக்குக் கெடவில்லை. தூக்கத்தைக் கொடுத்தவனுக்குப் பலன் கிடைப்பதில் என்ன குற்றம்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். உழைத்தவனுக்கே விளைவு என்பது உலகம் ஒப்பிய நியாயம் அல்லவா?

ஒப்பிய நியாயம்தான். ஆனால் உழைப்பில் இரண்டு வகை உண்டு. நிலத்தை உழுகிறவன் உழைப்பினால், முன்பு இல்லாத நெல் உலகத்துக்கு வருகிறது. டிராகனின் வாசலில் மூன்று நாள் காவல் இருந்தவனின் உழைப்பினால் எது புதிதாக வந்தது? அவன் காத்திருந்தாலும் காத்திராவிட்டாலும் டிராகன் தோன்றத்தான் போகிறது. அவன் காத்திருந்ததன் ஒரே பயன், அடுத்தவனுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்தது. அடுத்தவனும் அதையே செய்கிறான். இருவரும் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்; டிராகன் ஒன்றுக்கு இரண்டாகவில்லை. தியாகம் செய்தேன், பலன் கொடு என்று கேட்கிறார்கள். அந்தத் தியாகத்தைத் தேவையாக்கியதே அவர்கள் விரும்பும் சட்டம்தான். தேவையில்லாத தியாகத்தைக் கேட்கும் சட்டம், தியாகத்தைக் காட்டித் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள முடியாது.

வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதும் பாதி உண்மையே. இரவு மூன்று மணிக்கு எழுந்து ஓட யாரால் முடியும்? மறுநாள் வேலைக்குப் போக வேண்டாதவனால் முடியும். கைக்குழந்தை இல்லாதவனால் முடியும். உலகின் மறுபுறத்தில் இருப்பதால் அது பகலாக அமைந்தவனால் முடியும். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் தாதியால் முடியாது. திறமையை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஓய்வை அளக்கிறார்கள். ஓய்வு ஒரு குணமன்று; பெரும்பாலும் அது வாய்ப்பு.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1971-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை சொன்னார். சமூகத்தில் நமக்கு எந்த இடம் வாய்க்கும் என்பதை அறியாதவர்களாக நம்மைப் பாவித்துக்கொண்டு, அதன் பிறகு சட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதை இங்கே வைத்துப் பார்ப்போம். நூறு பேர் கொண்ட கில்டில் இருப்பேனா, இருபது பேர் கொண்டதில் இருப்பேனா என்று எனக்குத் தெரியாது. மாணவனாக இருப்பேனா, மூன்று குழந்தைகளுக்குத் தாயாக இருப்பேனா என்றும் தெரியாது. இப்போது பந்தயமா, முறையா என்று கேட்டால், கொஞ்சம் பந்தயத்துக்கும் ஆசைப்படுவேன். ஆனால் முறையே இல்லாத ஊரில் குடியேறத் துணியமாட்டேன்.

முறை வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சொல்கிறவர்கள் துருக்கியின் அலான்யா கடற்கரையைப் பார்க்கலாம். எலினார் ஆஸ்ட்ரம் என்ற பொருளியல் அறிஞர் 1990-இல் எழுதிய நூலில் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர். அலான்யாவில் நூறு மீனவர் இருந்தனர். நல்ல மீன் கிடைக்கும் இடங்களுக்காக அவர்களுக்குள் கைகலப்பு நடந்துவந்தது. 1970-களின் தொடக்கத்தில் அவர்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் மீனவர் பட்டியல் எழுதப்படும். வலை விரிக்கும் இடங்களுக்கும் பெயரிட்டுப் பட்டியல் உண்டு. சீட்டுப் போட்டு ஆளுக்கு ஓர் இடம் எடுத்துக்கொள்வார்கள். ஜனவரி வரையில் தினமும் ஒவ்வொருவரும் கிழக்கே ஓர் இடம் நகர வேண்டும். அதன் பிறகு மே வரையில் மேற்கே நகர வேண்டும். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் வந்து போகும். காவல் காக்கத் தனியாக ஆள் வேண்டியதில்லை. இன்று நல்ல இடம் யாருக்கு வாய்த்திருக்கிறதோ அவரே விடியுமுன் அங்கே வந்து நிற்பார். வேறு யாராவது வலை வீசினால் அவரே கேட்பார். உண்மையாகவே அடுப்பு எரிய வேண்டியவர்கள், சண்டைக்கு உண்மையான காரணம் உள்ளவர்கள், இப்படி ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள் என்றால், பொய் டிராகனுக்காகப் போராடுகிறவர்களால் முடியாது என்று சொல்ல இடமில்லை.

ஆனால் முறையிலும் ஒரு பாவம் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த விசாரணை ஒருதலையாகிவிடும்.

நான்கு கில்டுகள் கூடி நாள்காட்டி வகுத்தாகிவிட்டது. மாதத்தில் ஆளுக்கு ஒரு வாரம். எல்லாருக்கும் திருப்தி. ஆறு மாதம் கழித்து ஐந்தாவதாக ஒரு கில்டு உருவாகிறது. அவர்கள் டிராகன் வாசலுக்கு வருகிறார்கள். பழைய தலைவர் சொல்கிறார்: "தம்பி, இந்த வாரம் எங்கள் முறை. ஊர் கூடிச் செய்த ஒப்பந்தம் இது." புதியவன் கேட்கிறான்: "ஐயா, ஊர் கூடியபோது நாங்கள் இல்லையே? நாங்கள் கொடுக்காத வாக்கு எங்களை எப்படிக் கட்டும்?" தலைவர், "அப்படியானால் ஒவ்வொருவரும் வந்து கலைத்துக்கொண்டிருந்தால் ஒப்பந்தம் எதற்கு?" என்கிறார். புதியவன், "ஒப்பந்தம் உங்களுக்குள் சண்டை வராமலிருக்கவா, எங்களை வெளியே நிறுத்தவா?" என்கிறான்.

இருவரும் நியாயமே பேசுகிறார்கள். வாக்குக் கொடுத்தவனை மட்டுமே வாக்குக் கட்டும் என்றால், எந்த ஊரிலும் எந்த ஒழுங்கும் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது. வந்தவனை எல்லாம் கேளாமலே கட்டும் என்றால், முதலில் வந்து பட்டா எழுதிக்கொண்டவர்கள் என்றென்றும் எசமானர்கள் ஆகிவிடுவார்கள். நாள்காட்டி என்ற பெயரில் நடப்பது நான்கு பேர் கூட்டுச் சேர்ந்து கடையைப் பூட்டிக்கொள்வதாகவும் இருக்கலாம்.

என் மனத்துக்குப் படும் விடை இது. ஓர் ஏற்பாட்டில் கையெழுத்திடாதவனையும் அது கட்ட வேண்டுமானால், அதற்குள் அவன் நுழைய ஒரு வாசல் இருக்க வேண்டும். அந்த வாசலின் உயரம் பழையவர்கள் நுழைந்தபோது இருந்த உயரமாகவே இருக்க வேண்டும். டிராகனைக் கொல்லும் ஆற்றல் இருக்கிறதா என்று புதியவனைச் சோதிக்கலாம். பழையவர்களும் அந்தச் சோதனையில் தேறியவர்களே. தேறினால் நாள்காட்டியில் ஓர் இடம் கொடுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவர் பங்கும் சுருங்கத்தான் செய்யும். சுருங்கச் சம்மதிக்காத நாள்காட்டி ஒப்பந்தமன்று, வேலி. வேலியை மதிக்கும் கடமை வெளியே நிற்பவனுக்கு இல்லை.

இப்படிப்பட்ட வேலி ஒன்று உடைந்த கதை தென்கொரியாவில் நடந்திருக்கிறது. 'லினியேஜ் 2' என்ற விளையாட்டில் பார்ட்ஸ் என்ற சர்வர். அங்கே வலிமை மிக்க கூட்டம் ஒன்று நல்ல வேட்டை நிலங்களைத் தன் கையில் வைத்துக்கொண்டு, தன் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்களில் வரியையும் உயர்த்தியது. 2004-இல் சாதாரண ஆட்டக்காரர்கள் திரண்டு எழுந்தார்கள். நல்ல கவசம் இல்லாத, அனுபவமும் இல்லாத எளியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். உள்ளாடையோடு போருக்கு வந்தவர்கள் என்று பொருள்படும் பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. ஒவ்வொருவரும் ஓரடி அடித்து விழுந்தாலும் போதும் என்று மோதினார்கள். கொடுங்கோன்மை சாய்ந்தது. அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். வென்ற கூட்டணி, கைப்பற்றிய கோட்டைகளை யார் ஆள்வது என்பதில் பிளவுபட்டது. பழைய கூட்டம் மீண்டும் தலைதூக்கியது. வேலியை உடைக்க ஒற்றுமை கிடைத்தது. உடைத்த பிறகு முறை வகுக்க ஒற்றுமை கிடைக்கவில்லை. அநீதியை எதிர்ப்பதற்கும் நீதியை நடத்துவதற்கும் வேண்டிய குணங்கள் வெவ்வேறு போலும்.

இன்னொரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். இந்தக் கில்டுகளின் உள்ளே போய்ப் பார்த்தால் பங்கீட்டில் அவர்கள் காட்டும் நுணுக்கம் வியப்பூட்டும். டிராகனிடம் கிடைத்த இரண்டு பொருளை ஐம்பது பேரில் யாருக்குக் கொடுப்பது? 1999-லேயே எவர்க்வெஸ்டில் ஒரு கில்டு இதற்குப் புள்ளிக் கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தது. போருக்கு வந்தவர்களுக்கெல்லாம் புள்ளி; பொருள் வேண்டுகிறவர் புள்ளியைக் கொடுத்துப் பெற வேண்டும். டிராகன் கொன்ற புள்ளிகள் என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள். பிற்பாடு வேறு பல விளையாட்டுகளுக்கும் அந்த முறை பரவியது. தம்மவர்க்குள் இத்தனை நுட்பமான நியாயம்! வாசலைத் தாண்டியதும் அதே ஆள்கள், "முடிந்தால் பிடித்துக்கொள்" என்கிறார்கள். குடும்பத்துக்குள் தர்மராஜாவாக இருந்து தெருவில் தடியெடுக்கும் மனிதர்களை நாம் நேரிலும் பார்த்ததுண்டு. நியாய உணர்வு அவர்களிடம் இல்லாமல் இல்லை. 'நம்மவர்' என்ற வட்டம் சிறியதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வட்டம் விரிய முடியும் என்பதற்கும் இந்த உலகத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் எவர்க்வெஸ்டில் சேர்ந்த புதிய நிலப்பகுதியில் ஒரு கல்லறை இருந்தது. உள்ளே கெராஃபிர்ம் என்ற டிராகன் உறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நான்கு காவல் டிராகன்கள். காவலர்களைக் கொன்றால் மிக அரிய ஆயுதங்கள் கிடைக்கும். ஆனால் நான்கு காவலரும் ஒருங்கே மாண்டுபோனால் உறங்குவது விழித்துக்கொள்ளும். எதிர்ப்பட்டவர்களையெல்லாம் அழித்துக்கொண்டு போய் மறைந்துவிடும். அந்தச் சர்வரில் அது ஒரே ஒரு முறைதான் நடக்கும். அதற்குப் பிறகு அந்தக் காவலர்களும் இல்லை, அந்த ஆயுதங்களும் இல்லை.

இங்கே நியாயத்தின் சிக்கல் எவ்வளவு கூர்மையாகிறது பாருங்கள். சாதாரண டிராகனை ஒருவர் கொன்றால் அடுத்தவருக்கு ஒரு வார நஷ்டம். இதை எழுப்பினால் பின்னால் வரும் எல்லாருக்கும் என்றென்றைக்கும் நஷ்டம். எழுப்பக் கூடாது என்று பெரிய கில்டுகள் ஒப்பந்தம் செய்துகொண்ட சர்வர்கள் இருந்தன. வருங்காலத்தவருக்காக இப்படிச் செய்கிறோம் என்று அவர்கள் சொல்லலாம். அதுவரையில் ஆயுதங்களை எடுத்துக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். எழுப்ப வேண்டும் என்றவர்களோ, "இவ்வளவு பெரிய நிகழ்ச்சியைக் கண்ணால் பாராமல் பூட்டி வைப்பதா?" என்று கேட்கலாம், ஆனால் அவர்கள் பார்த்துவிட்டால் வேறு யாரும் பார்க்க முடியாது. திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்யும் உரிமை, இன்று வலிமையுள்ளவனுக்கு உண்டா? காட்டை வெட்டுகிறவனையும் கேட்க வேண்டிய கேள்வி இது. மீளக்கூடியதற்குப் பந்தயம் வைக்கலாம். மீளாததற்குப் பந்தயம் வைப்பது, இன்னும் பிறவாதவர்களை ஓடவிடாமலே தோற்கடிப்பது.

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கிக் கொல்லலாம் என்று அனுமதித்த சர்வர் ஒன்று உண்டு. அதன் பெயர் ராலோஸ் செக். அங்கே 2003-ஆம் ஆண்டு நவம்பரில் மூன்று பெரிய கில்டுகள் கைகோத்து, ஏறக்குறைய 200 பேர் ஒன்றாகக் கூடி, அந்த டிராகனை எழுப்பிப் போரிட்டார்கள். அதை வெல்லவே முடியாது என்பது எல்லாருடைய எண்ணம். அவர்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள், மீண்டும் விழுந்தார்கள். டிராகனின் உயிர் குறைந்துகொண்டே வந்தபோது கம்பெனிக்காரர்கள் அதைத் திடீரென்று மறையச் செய்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களிடையே பெருங்கொதிப்பு எழுந்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டு, இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. நவம்பர் 17-ஆம் தேதி, சில மணி நேரப் போருக்குப் பின் டிராகன் வீழ்ந்தது. அதன் உடலில் ஒரு பொருளும் இல்லை. பங்கிட ஒன்றுமே இல்லாத வெற்றியில்தான் பங்காளிகள் ஒன்றுபட்டார்கள் என்று சிரிக்கலாம். நான் வேறு விதமாக எண்ணுகிறேன். ஒருவரையொருவர் கொல்லச் சட்டமே இடம் கொடுத்த ஊரில், பெரிய காரியம் ஒன்று எதிரே நின்றபோது, 'நம்மவர்' என்ற வட்டம் 200 பேருக்கு விரிந்தது. விரியக்கூடியது அது என்பதே எனக்குப் போதும்.

விளையாட்டுச் செய்கிறவர்கள் பின்னர் இந்தத் தகராறுகளுக்கெல்லாம் வேறொரு தீர்வு கண்டார்கள். ஒரே குகைக்குப் பல பிரதிகள். நீங்கள் உங்கள் கூட்டத்தோடு நுழைந்தால் உங்களுக்கென்று ஒரு குகை, உங்களுக்கென்று ஒரு டிராகன். நாங்கள் நுழைந்தால் எங்களுக்கென்று வேறொன்று. வார்கிராஃப்ட் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் இந்த வழியில் போயிற்று. திறந்த வெளியில் எல்லாருக்கும் பொதுவாகச் சில பாஸ்கள் மட்டும் எஞ்சின. காவல் இல்லை, ஓட்டம் இல்லை, நள்ளிரவில் தொலைபேசி இல்லை. வேலை முடிந்து வீடு வந்தவர் எட்டு மணிக்கு உட்கார்ந்து பத்து மணிக்கு டிராகனைக் கொன்றுவிட்டுத் தூங்கப் போகலாம். இதை ஏளனம் செய்கிறவர்கள் உண்டு, நான் செய்யமாட்டேன். பெருக்கித் தரக்கூடிய ஒன்றைப் பெருக்காமல் வைத்துக்கொண்டு மனிதர்களை மோதவிடுவதில் எந்த மேன்மையும் இல்லை.

இருந்தாலும் ஓர் இழப்பும் இருக்கிறது. பிரதி வந்ததும் சண்டை ஒழிந்தது உண்மை; கூடவே நாள்காட்டியும் ஒழிந்தது. வழிவிட வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் வழிவிடும் பழக்கமும் இல்லை. பக்கத்துக் கில்டின் தலைவன் யார், அவன் சொன்ன சொல் காப்பவனா என்று அறிந்துகொள்ள இனி ஒரு தேவையும் இல்லை. குகைகள் பெருகின, ஊர் சிறுத்துவிட்டது. திரைக்கு வெளியே உள்ள உலகத்திலோ ஆற்றுக்குப் பிரதி இல்லை. மீன் வரும் துறைக்குப் பிரதி இல்லை. கல்லூரியில் இருக்கும் ஓர் இடத்துக்கு இருவர் நின்றால் அதற்கும் பிரதி இல்லை. பிரதி எடுக்க முடியாதவற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் பயிற்சி மனிதனுக்கு எங்காவது வேண்டும்.

ஆகவே, எல்லாவற்றையும் பந்தயத்துக்கு விடவும் வேண்டாம். எல்லாவற்றையும் அட்டவணைக்குள் அடைக்கவும் வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. நான் முன்பு சொன்ன 'ப்ராஜெக்ட் 1999' சர்வரிலேயே ஒரு காலத்தில் அப்படித்தான் செய்து பார்த்தார்கள். போட்டியை விரும்பும் பெரிய கில்டுகளுக்குச் சில முறை, ஏனைய கில்டுகளுக்குச் சில முறை, எல்லாருக்கும் பொதுவான பந்தயமாகச் சில முறை என்று டிராகன்களைப் பிரித்தார்கள். அதிலும் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். குறை சொல்ல எல்லாருக்கும் கொஞ்சம் காரணமும், விட்டுப் போக யாருக்கும் பெரிய காரணமும் இல்லாத ஏற்பாடே மனிதர்களால் செய்யக்கூடிய நல்ல ஏற்பாடு.

நம் மொழியில் 'முறை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இது என் முறை என்றால் என் வேளை வந்துவிட்டது என்று பொருள். இது முறையா என்று கேட்டால், இது நியாயமா என்று பொருள். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ, தெரியாமல் வைத்தார்களோ, நான் அறியேன். எனக்குத் தெரிந்த மட்டில், தன் முறை வந்தபோது முன்னே செல்லும் துணிவும், பிறர் முறை வந்தபோது விலகி நிற்கும் மனமும் சேர்ந்த இடத்துக்கே நியாயம் என்று பெயர். முதலாவதை எந்தப் பந்தயமும் கற்றுக்கொடுத்துவிடும். இரண்டாவதைக் கற்றுக்கொள்ள, கையில் வலிமை இருக்கும்போதே ஒரு வாரம் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது.